தேர்த்துகள் பட்டியலில் விடுபட்ட இலக்கங்கள்

பழனிக்குப் பக்கத்தில் இருக்கும் ஆயக்குடியின் பெயர் வெளியூர்களில் இரண்டு காரணங்களுக்காக அடிபடும். ஒன்று கொய்யாச் சந்தை. மற்றது, வார விடுமுறையில் மரத்தடியில் நடக்கும் இலவசத் தேர்வுப் பயிற்சி. குரூப் 4 தேர்வின் 200 வினாக்களில் 25 வினாக்கள் திறனறிவும் மனக்கணக்கும் சார்ந்தவை. மீ.பொ.கா., மீ.சி.ம., எண் வரிசை என்று எண்களின் குணத்தைச் சுற்றியே அவற்றில் பல வரும். அந்தப் பயிற்சித் தாள்களில் ஒரு வகைக் கணக்கு எல்லோருக்கும் அத்துபடி: 5*3416 என்ற எண் 9ஆல் மீதியில்லாமல் வகுபட, உடுக்குறி உள்ள இடத்தில் எந்த இலக்கம் வர வேண்டும்? இருக்கிற இலக்கங்களைக் கூட்டினால் 19. அதற்கு அடுத்து வரும் 9-ன் மடங்கு 27. ஆகவே 8. பத்து விநாடியில் முடிந்துவிடும்.

இந்தச் சின்னக் கணக்கு எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்க இருபத்திரண்டு இலக்கமுள்ள ஓர் எண்ணை எடுத்துக்கொள்வோம். அது நம் பழைய கணக்கு மரபிலிருந்தே கிடைக்கிறது. தமிழ்ப் பின்னப் பட்டியலின் அடிமட்டத்தில் இருப்பது தேர்த்துகள். ஒன்றை 2323824530227200000000 கூறுகளாக்கினால் வரும் ஒரு கூறு அது. 'உலகிலேயே மிகச் சிறிய எண்ணுக்குப் பெயர் வைத்தவன் தமிழன்' என்ற தலைப்போடு இந்தப் பட்டியல் கைபேசிக்குக் கைபேசி போய்க்கொண்டே இருக்கிறது. பகிர்கிறவர்கள் பெருமைப்படுகிறார்கள், சரி. பட்டியலைச் சரிபார்த்தவர்கள் குறைவு. அது அப்படியே தெரிகிறது, ஏனென்றால் பரவலாகச் சுற்றும் வடிவத்தில் நான்கு எண்கள் தப்பு.

முதலில் பட்டியல் எப்படிக் கட்டப்பட்டது என்று பார்க்கலாம். மேல் பகுதி பலருக்குத் தெரிந்ததுதான். அரை, கால், அரைக்கால், மாகாணி என்று பாதி பாதியாக இறங்குவது ஒரு வழி. இருபதில் ஒரு பங்கு மா, எண்பதில் ஒன்று காணி, முந்நூற்றிருபதில் ஒன்று முந்திரி என்பது இன்னொரு வழி. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் எண்சுவடியில் இவற்றை வாய்ப்பாடாகச் சொல்லி மனத்தில் ஏற்றிக்கொண்டார்கள். இந்த மனப்பாடம் வெறும் ஒப்பித்தல் அல்ல, நிலம் அளக்கவும் நெல் அளக்கவும் கூலி பிரிக்கவும் தேவைப்பட்ட தொழில்திறன் என்பதை இன்றைய ஆய்வாளர்கள் விரிவாகவே எழுதியிருக்கிறார்கள். பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் செந்தில் பாபு 2022-ல் வெளியிட்ட நூல் அவ்வகையில் முக்கியமானது.

முந்திரிக்குக் கீழேதான் நமக்கு வேலை. முந்திரியை மறுபடி 320 கூறாக்கினால் கீழ்முந்திரி. அதை 21 ஆக்கினால் இம்மி. இம்மியை 11 ஆக்கினால் மும்மி. பிறகு 7 ஆக்கினால் அணு, 9 ஆக்கினால் குணம், 5 ஆக்கினால் பந்தம், 6 ஆக்கினால் பாகம், 7 ஆக்கினால் விந்தம், 17 ஆக்கினால் நாகவிந்தம், 14 ஆக்கினால் சிந்தை. சிந்தையில் இருபதில் ஒன்று கதிர்முனை, அதில் நாற்பதில் ஒன்று குரல்வளைப்படி, அதில் அறுபதில் ஒன்று வெள்ளம், அதில் நூறில் ஒன்று நுண்மணல். கடைசியாக ஆறரைத் தேர்த்துகள் சேர்ந்தது ஒரு நுண்மணல்.

இப்போது கைபேசிப் பட்டியலுக்கு வருவோம். சிந்தை வரை எல்லாம் சரியாக இருக்கிறது: 1/74481555456000. அடுத்த வரியில் கதிர்முனை 1/489631109120000 என்று போட்டிருக்கிறது. பார்த்தால் ஒன்றும் தோன்றாது. பதினைந்து இலக்கம், பின்னால் பூச்சியங்கள், பெரிய எண்தான். ஆனால் குணம் என்ற படியில் 9ஆல் பெருக்கியாகிவிட்டது. அதற்குக் கீழே வரும் ஒவ்வொரு எண்ணும் 9ஆல் வகுபட்டே ஆக வேண்டும். இலக்கங்களைக் கூட்டுங்கள்: 4+8+9+6+3+1+1+0+9+1+2 = 44. வகுபடவில்லை. 45 ஆக ஒன்று குறைகிறது. விடுபட்ட இலக்கம் 1.

எங்கே விடுபட்டது என்பதை 9 சொல்லாது. அதற்குப் பெருக்கிப் பார்க்க வேண்டும். சிந்தையின் எண்ணை 20ஆல் பெருக்கினால் 1489631109120000. முன்னால் இருந்த 1 காணாமல் போயிருக்கிறது. அடுத்தது குரல்வளைப்படி: 9585244364800000. இலக்கக் கூட்டல் 58, அடுத்த 9-ன் மடங்கு 63, குறைவது 5. சரியான எண் 59585244364800000. வெள்ளம்: 575114661888000000. கூட்டல் 60, குறைவது 3. சரியான எண் 3575114661888000000. நுண்மணலிலும் அதே 3 இல்லை. நான்கு வரிகளில் நான்கு முறை முதல் இலக்கம் விழுந்திருக்கிறது. 1/ என்று எழுதியதும் சாய்கோட்டை ஒட்டி நின்ற இலக்கத்தை யாரோ ஒருவர் நகலெடுக்கும்போது விட்டிருக்க வேண்டும் என்பது என் ஊகம். ஆச்சரியம் என்னவென்றால், கடைசி வரியான தேர்த்துகள் சரியாக இருக்கிறது. அதன் இலக்கக் கூட்டல் 45. நடுவில் நாலு படிக்கட்டு உடைந்த ஏணியில் கடைசிப் படி மட்டும் நிற்கிறது, யாரும் ஏறிப் பார்க்கவில்லை.

9 சோதனைக்கு ஒரு பலவீனம் உண்டு. இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் அது கண்டுபிடிக்காது, கூட்டல் மாறாதே. அதனால் இன்னொரு சோதனையையும் கையில் வைத்துக்கொள்வது நல்லது. 7 × 11 × 13 = 1001. இதிலிருந்து ஒரு வழி பிறக்கிறது: எண்ணை வலப்பக்கமிருந்து மும்மூன்று இலக்கமாகப் பிரித்து, ஒன்றுவிட்டு ஒன்று கூட்டிக் கழித்தால் வரும் விடை 7, 11, 13 இவற்றில் எதால் வகுபடுகிறதோ அதால் மூல எண்ணும் வகுபடும். தப்பான கதிர்முனையைப் பிரியுங்கள்: 000 − 120 + 109 − 631 + 489 = −153. 7ஆலும் போகாது, 11ஆலும் போகாது. ஆனால் இம்மியில் 21-உம் மும்மியில் 11-உம் வந்துவிட்டன, இரண்டாலும் போக வேண்டும். விடுபட்ட 1-ஐ முன்னால் சேர்த்தால் அது கழிபட்டு −154 ஆகிறது. 154 என்பது 2 × 7 × 11. ஓர் இலக்கம் வந்து உட்கார்ந்ததும் இரண்டு சோதனைகளும் ஒரே நேரத்தில் ஒத்துப்போகின்றன.

இது பழங்கணக்குக்கு மட்டும் உதவும் வித்தை அல்ல. ஆதார் எண்ணின் 12 இலக்கங்களில் கடைசி இலக்கம் இதே காரியத்துக்காகத்தான் வைக்கப்பட்டிருக்கிறது. மற்ற 11 இலக்கங்களிலிருந்து அதைக் கணக்கிட்டு எடுக்கிறார்கள். டச்சுக் கணித அறிஞர் வெர்ஹூஃப் 1969-ல் கொடுத்த முறை அது. ஓர் இலக்கத்தைத் தப்பாக அடித்தாலும், பக்கத்துப் பக்கத்து இலக்கங்களை மாற்றி அடித்தாலும் கண்டுபிடித்துவிடும்.

இனி தேர்த்துகளின் எண்ணுக்குள் நுழையலாம். ஒன்றைவிடப் பெரிய எந்த முழு எண்ணையும் பகா எண்களின் பெருக்கலாக எழுதலாம். வரிசையை விட்டுவிட்டால் அப்படி எழுத ஒரே வழிதான் உண்டு. பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் அடிப்படை எண்ணியல் தேற்றம் என்று வருவது இதுதான். யூக்ளிட்டின் கையில் ஏறக்குறைய முழு வடிவில் இருந்ததை 1801-ல் காஸ் தெளிவாக நிரூபித்துக் காட்டினார். நம் எண்ணுக்கு இந்த வேலை எளிது. படிகளில் வந்த 320, 320, 21, 11, 7, 9, 5, 6, 7, 17, 14, 20, 40, 60, 100, ஆறரை எல்லாவற்றையும் உடைத்து ஒன்றுசேர்த்தால் போதும்:

2²² × 3⁵ × 5⁸ × 7⁴ × 11 × 13 × 17.

ஒரு பெரிய எண்ணை முழுக்கத் தெரிந்துகொண்டோம் என்று சொல்லும் உரிமை இந்த ஒரு வரி கிடைத்த பிறகுதான் வருகிறது. இருபத்திரண்டு இலக்கங்கள் வெளித்தோற்றம், இந்த வரிதான் உடல். கடைசியில் எட்டுப் பூச்சியம் ஏன் என்றால் 5-ன் அடுக்கு 8. ஒவ்வொரு பூச்சியத்துக்கும் ஒரு 5-உம் ஒரு 2-உம் வேண்டும். 2-கள் தாராளமாக இருக்கின்றன, 5-கள்தான் எண்ணிக்கையைத் தீர்மானிக்கின்றன. 100!-ன் கடைசியில் எத்தனை பூச்சியம் என்ற தேர்வுக் கேள்விக்கும் இதே தர்க்கம்.

இந்த வரியில் என் கண் நிற்கும் இடம் 13. பட்டியலைப் பார்க்கிற யாருக்கும் ஆறரை என்ற கடைசிப் படி உறுத்தும். மற்றதெல்லாம் முழு எண்ணாக இருக்க, இது மட்டும் ஏன் அரையோடு நிற்கிறது? ஏடு பெயர்த்தவர் தவறோ என்று தோன்றும். ஆனால் ஆறரை என்பது 13/2. அதுவரை வந்த காரணிகளில் 2, 3, 5, 7, 11, 17 எல்லாம் இருந்தன, 13 மட்டும் இல்லை. நுண்மணலின் பூச்சியங்களை நீக்கிவிட்டு 1001 சோதனை போட்டால் 888 − 661 + 114 − 575 + 3 = −231 வருகிறது; 7ஆலும் 11ஆலும் போகும், 13ஆல் போகாது. தேர்த்துகளுக்கு அதே சோதனை: 272 − 302 + 245 − 238 + 23 = 0. சுத்தமாகப் பூச்சியம். ஆறரைப் படி வந்ததும் 1 முதல் 18 வரை எந்த எண்ணாலும் வகுபடும் எண்ணாக இது மாறிவிடுகிறது. முதலில் வகுக்க மறுப்பது 19.

முந்திரி வரைக்குமான பின்னங்களில் 2-உம் 5-உம் மட்டுமே உண்டு. 320 = 2⁶ × 5. அங்கே மூன்றில் ஒரு பங்கைத் துல்லியமாகச் சொல்ல முடியாது. கீழ்முந்திரியை 21 ஆக்கும் படியில்தான் 3-உம் 7-உம் முதல்முறை உள்ளே வருகின்றன. பிறகு 11, பிறகு 17, கடைசியில் 13. எந்தத் தராசும் மரக்காலும் இந்தப் பகுப்புகளைக் கேட்டிருக்காது. எந்தச் சிறு எண்ணால் வகுத்தாலும் மீதி வராத கடைசி அலகு ஒன்று வேண்டும் என்று நினைத்த ஒரு கணக்கரின் கை இதில் இருப்பதாகவே நான் நினைக்கிறேன்.

அதே சமயம், கைபேசிப் பதிவுகள் இதை அணுவியல் ஆக்குவதை ஏற்க முடியவில்லை. ஒரு மீட்டரை இத்தனை கூறாக்கினால் ஒரு கூறு புரோட்டானின் ஆரத்தைவிடச் சுமார் இருபது லட்சம் மடங்கு சிறியது. அதை யாரும் அளக்கவில்லை, அளக்க நினைத்ததுமில்லை. பட்டியலில் அணு என்று பெயர் வந்ததால் அது இயற்பியல் ஆகிவிடாது. அதன் சிறப்பு வகுத்தலில் இருக்கிறது. அதைப் பாராட்டவே நமக்கு நேரம் போதாது.

வகுத்தல் என்றதும் அடுத்த கேள்வி வருகிறது: இந்த எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்கள் மொத்தம் எத்தனை? சந்தையில் 36 கொய்யாப் பெட்டிகளைச் செவ்வகமாக அடுக்கச் சொன்னால் 1 × 36, 2 × 18, 3 × 12, 4 × 9, 6 × 6 என்று பல விதமாக அடுக்கலாம். 37 பெட்டி என்றால் ஒரே நீள வரிசைதான். 36-க்கு வகுத்திகள் 9, 37-க்கு 2. பெரிய எண்ணுக்கு அடுக்கிப் பார்க்க முடியாது, ஆனால் தேவையும் இல்லை. பகா காரணிகளின் அடுக்கு ஒவ்வொன்றோடும் 1 கூட்டி எல்லாவற்றையும் பெருக்கினால் விடை. நம் எண்ணுக்கு 23 × 6 × 9 × 5 × 2 × 2 × 2 = 49,680.

பயிற்சி வகுப்புகளில் இந்தச் சூத்திரம் வரை வருவார்கள், அங்கேயே நிறுத்திவிடுவார்கள். தேர்வுக்கு அது போதும். ஆனால் கேள்வியைத் திருப்பிப் போட்டால்தான் சுவாரசியம் ஆரம்பிக்கிறது. 49,680 வகுத்திகள் அதிகமா, குறைவா? இவ்வளவு பெரிய எண்ணுக்கு இன்னும் எத்தனை இருக்கக்கூடும்?

இந்தத் திருப்பிப் போட்ட கேள்வியைத்தான் ராமானுஜன் எடுத்துக்கொண்டார். 1915-ல் லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் வந்த அவருடைய நீண்ட கட்டுரை முழுவதும் இதைப் பற்றியது. தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் தன் அளவு வகுத்திகள் இல்லையென்றால் அதை மிகு பகு எண் என்று சொல்லலாம். 12-க்கு ஆறு வகுத்திகள், அதற்குக் கீழே எதற்கும் ஆறு இல்லை. 24, 36, 48, 60, 120, 180, 240, 360 என்று வரிசை போகிறது. நாழிகைக் கணக்கின் 60-உம் வட்டத்தின் 360-உம் இதில் இருப்பதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. பங்கு போட வசதியான எண்களைத்தான் மனிதர்கள் எங்கும் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் அவருக்கு ஆய்வின் அடிப்படையில் பி.ஏ. பட்டம் கொடுத்தது இந்த வேலைக்காகத்தான்.

அவர் கட்டுரையில் இத்தகைய 102 எண்களின் அட்டவணை இருக்கிறது. அதன் கடைசி எண் 6746328388800, அதாவது 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23. வகுத்திகள் 10,080. ஒரு வாரத்துக்கு எத்தனை நிமிடமோ அத்தனை. அது சும்மா ஒரு தற்செயல், ஆனாலும் நினைவில் நிற்கும். இந்த எண்ணுக்கும் 1001 சோதனை போட்டுப் பார்த்தேன்: 800 − 388 + 328 − 746 + 6. இங்கேயும் விடை பூச்சியமே.

எதிரே நம் நாகவிந்தத்தை வைத்துப் பார்க்கலாம். 5320111104000, ஏறக்குறைய அதே அளவு. உடைத்தால் 2¹³ × 3⁴ × 5³ × 7³ × 11 × 17. வகுத்திகள் 4,480 மட்டும். ராமானுஜனின் எண்ணில் பாதிகூட இல்லை. அதைவிட 18 மடங்கு சிறியதான 293318625600-க்கு 5,040 வகுத்திகள் உண்டு. காரணம் அடுக்குகளின் வடிவத்தில் இருக்கிறது. மிகு பகு எண் ஒன்றில் 2, 3, 5, 7 என்று எந்தப் பகா எண்ணையும் தாண்டாமல் வர வேண்டும், அடுக்குகள் போகப் போக ஏறவே கூடாது. நாகவிந்தத்தில் 13-க்கு இடமில்லை, 2 மட்டும் பதின்மூன்று முறை. தேர்த்துகளிலும் இதே குறை: 5-ன் அடுக்கு 8, 3-ன் அடுக்கு 5. இரண்டையும் இடம் மாற்றினாலே எண் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கும், வகுத்திகள் அதே 49,680 இருக்கும். இருபத்திரண்டு 2-களில் பெரும்பாலானவற்றைக் கழற்றிவிட்டு 19, 23, 29 என்று 43 வரை புதுப் பகா எண்களைச் சேர்த்தால் இன்னும் தெளிவாகும். 2⁸ × 3⁴ × 5² × 7² என்பதோடு 11 முதல் 43 வரையான பத்துப் பகா எண்களையும் பெருக்கினால் வருவது தேர்த்துகளைவிடச் சிறிய எண். வகுத்திகளோ 4,14,720.

மேலே சொன்ன 293318625600 சாதாரண எண் அல்ல. அதுவும் மிகு பகு எண்தான். ராமானுஜன் அட்டவணையின் கடைசி எண்ணை 23ஆல் வகுத்தால் கிடைப்பது. அட்டவணையில் அது மட்டும் விடுபட்டிருக்கிறது. பின்னால் வந்தவர்கள் கண்டுபிடித்துச் சேர்த்தார்கள். அந்தக் கட்டுரைக்கு இன்னொரு கதையும் உண்டு. கணிதக் கழகத்திடம் பணமில்லாத நேரம் என்பதால் கட்டுரையின் ஒரு பகுதி அச்சாகவே இல்லை. நிக்கோலா, ரோபன் என்ற இரு பிரெஞ்சுக் கணித அறிஞர்கள் குறிப்புகளோடு அதை 1997-ல் ராமானுஜன் பெயரிலுள்ள இதழில் வெளியிட்டார்கள்.

பெருக்கலை விட்டுக் கூட்டலுக்கு வந்தால் எண்ணின் வேறொரு முகம் தெரியும். தேர்த்துகளின் எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியுமா? முடியாது. 4ஆல் வகுத்தால் 3 மீதி வரும் பகா எண்கள் ஒற்றை அடுக்கில் வரக் கூடாது என்பது நிபந்தனை. நம் எண்ணில் 3-ன் அடுக்கு 5, 11-ன் அடுக்கு 1. மூன்று வர்க்கங்களாக எழுதலாம். லெஜாந்தர் சொன்ன விதிப்படி 4-ன் அடுக்குகளை எல்லாம் நீக்கிய பிறகு 8ஆல் வகுத்து மீதி 7 வரக்கூடாது. இங்கே வரும் மீதி 5. எந்த எண்ணுக்கும் நான்கு வர்க்கங்கள் போதும் என்று லக்ராஞ்ச் 1770-ல் நிரூபித்தார். நான்காம் அடுக்குகளாக எழுதினால் 19 போதும் என்ற நிரூபணம் 1986 வரை காத்திருந்தது. அதை முடித்த மூவரில் ஒருவர் சென்னைத் தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் ஆர். பாலசுப்பிரமணியன், மற்ற இருவர் பிரான்சின் தெசூயியே, திரெஸ். 19 உண்மையிலேயே தேவைப்படுவது 79 போன்ற சின்ன எண்களுக்குத்தான். 13,792-ஐத் தாண்டிவிட்டால் 16 போதும். ஆக நம் இருபத்திரண்டு இலக்கப் பெரிய எண் இந்த விஷயத்தில் 79-ஐவிடச் சாது. ஆறாம் அடுக்குக்கு 73 வேண்டும் என்று 1940-ல் நிரூபித்தவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.எஸ். பிள்ளை. செங்கோட்டைப் பக்கத்து வல்லத்துக்காரர், 1950-ல் கெய்ரோ அருகே விமான விபத்தில் இறந்தார். ராமானுஜனுக்குக் கிடைத்த புகழில் நூறில் ஒரு பங்குகூட இவர் பெயருக்குக் கிடைக்கவில்லை என்பது பெரிய அநியாயம்.

தேர்த்துகளின் எண்ணோடு 2, 3, 4 என்று 18 வரை கூட்டிக்கொண்டே போனால் அந்தப் பதினேழும் பகு எண்களே, ஏனென்றால் கூட்டும் எண்ணால் அவை வகுபட்டுவிடும். 1 மட்டும் கூட்டினால் 2 முதல் 18 வரை எதாலும் வகுபடாத எண் கிடைக்கும். பகா எண்கள் முடிவில்லாதவை என்ற யூக்ளிட்டின் வாதத்துக்கு அடித்தளம் இதுதான்.

இதுவரை எல்லாம் எளிதாகப் போனதற்குக் காரணம், இந்த எண் சின்ன எண்களைப் பெருக்கிப் பிறந்தது. அதன் மிகப் பெரிய பகா காரணி 17. படிகள் தெரியாவிட்டாலும் ஒரு பள்ளி மாணவி பென்சிலோடு உட்கார்ந்து 2, 3, 5 என்று வகுத்துக்கொண்டே போனால் மாலைக்குள் உடைத்துவிடுவாள். அதே இருபத்திரண்டு இலக்கத்தில், இரண்டு பதினோரு இலக்கப் பகா எண்களைப் பெருக்கி ஓர் எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். பென்சிலால் ஆயுள் முழுவதும் முயன்றாலும் நடக்காது. கணினி அதையும் நொடியில் உடைக்கும். ஆனால் இலக்கங்களைக் கூட்டிக்கொண்டே போனால் கணினியும் நின்றுவிடும். 1977-ல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் என்ற மூவர் இந்த இடைவெளியையே பூட்டாக மாற்றினார்கள். பெருக்குவது சுலபம், பெருக்கியதைப் பிரிப்பது கடினம். சவாலாக அவர்கள் விட்ட 129 இலக்க எண் 1994-ல்தான் உடைந்தது. 250 இலக்க எண் ஒன்று 2020 பிப்ரவரியில் உடைந்தது, அதுவும் ஏராளமான கணினிகளைச் சேர்த்து ஓட்டி. இணையப் பாதுகாப்பில் இன்று பயன்படும் எண்களுக்கு அறுநூற்றுக்கு மேல் இலக்கங்கள்.

விசித்திரம் என்னவென்றால், ஓர் எண் பகா எண்ணா இல்லையா என்று மட்டும் சொல்வது அவ்வளவு கடினம் அல்ல. காரணி எதுவென்று தெரியாமலே 'இதற்குக் காரணி உண்டு' என்று உறுதியாகச் சொல்லிவிடலாம். 2002 ஆகஸ்டில் கான்பூர் ஐஐடியில் மணீந்திர அகர்வால், அவருடைய மாணவர்கள் நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் இதற்கு எப்போதும் தவறாத, வேகமான வழிமுறையைக் கொடுத்தார்கள். இலக்கங்கள் கூடக் கூட நேரம் கட்டுக்கடங்காமல் பெருகாது என்று அவர்கள் நிரூபித்ததுதான் புதுமை. உலகமே திரும்பிப் பார்த்தது. நடைமுறையில் பெரிய பகா எண்களைத் தேடுகிறவர்கள் வேறு வழிகளைத்தான் பயன்படுத்துகிறார்கள். 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட பகா எண், 2-ன் 13,62,79,841-ஆம் அடுக்கிலிருந்து 1 குறைத்தது. இலக்கங்கள் 4,10,24,320. அது பகா எண் என்பது நிச்சயம். நான்கு கோடிகூட வேண்டாம், நானூறு இலக்கத்தில் கவனமாகப் பொறுக்கிய பகு எண் ஒன்றைக் கொடுத்தால் உடைக்க ஆளில்லை. பெரிய எண் என்றாலே கடினமான எண் என்ற எண்ணத்துக்கு இதைவிடச் சரியான மறுப்பு கிடைக்காது.

மறுபடியும் நம் பட்டியல்களுக்கு வருகிறேன், ஏனென்றால் தேர்த்துகள் பட்டியலோடு சேர்ந்தே இன்னொரு பட்டியலும் கைபேசிகளில் சுற்றுகிறது. மேல்நோக்கிப் போகும் பேரெண்கள்: கோடிக்கு மேலே கும்பம், கணம், கற்பம், நிகற்பம், பதுமம், சங்கம் என்று. வெள்ளம் என்ற பெயர் அங்கேயும் உண்டு, கீழே பின்னத்திலும் உண்டு. இதன் பிரதிகளும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. ஒன்றில் இருக்கிற பூச்சியம் மற்றொன்றில் இருக்காது. இங்கே ஆயக்குடி மரத்தடிக் கணக்கு உதவிக்கு வராது. இந்த எண்கள் எல்லாம் 1-ஐத் தொடர்ந்து வெறும் பூச்சியங்கள். இலக்கக் கூட்டல் எப்போதும் 1. காரணிகள் 2-உம் 5-உம் மட்டுமே, அதுவும் சம எண்ணிக்கையில். ஒரு பூச்சியம் விழுந்தாலும் இன்னொரு பத்தின் அடுக்கு கிடைக்குமே தவிர, தப்பான எண் என்று எதுவும் காட்டிக்கொடுக்காது. 11-ஐக் கொண்டு சோதித்தால் பூச்சியங்கள் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்பது வரை சொல்லலாம். சரியான எண்ணிக்கை எது என்று முடிவு செய்ய, தஞ்சை சரசுவதி மகாலிலும் சென்னைக் கீழ்த்திசைச் சுவடி நூலகத்திலும் உள்ள கணக்கு ஏடுகளை ஒப்பிட்டுப் படிக்கிற ஆள் வேண்டும்.